அரத்தாளைக் கீழே வையுங்கோ

ஒரு பழைய மின்கிற்றாருக்கு எங்கட பக்கத்தில் கிடைக்கிற ஆகப்பெரிய பாராட்டு, 'பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு' என்பதுதான். இந்தக் கட்டுரை அந்தப் பாராட்டுக்கு எதிரானது.

நடக்கிறது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பார்கள். பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ உரப்பைக்குள் சுற்றினபடி ஒரு கிற்றார் கிடக்கும். அப்பா வாசித்தது, இல்லாவிட்டால் சித்தப்பா வாசித்தது. கம்பியெல்லாம் கறள். வெள்ளையாக இருந்த இடம் மஞ்சள். கை உரசின விளிம்பில் மரம் தெரியும். இரண்டு நாள் எல்லாரும் தொட்டுப் பார்த்து உருகுவார்கள். மூன்றாம் நாள் அது வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிற கராஜுக்குப் போகும். ஒரு கிழமையில் கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு திரும்பி வரும். 'முன்', 'பின்' என்று இரண்டு படம் முகநூலில் ஏறும். எல்லாரும் இதயம் போடுவார்கள்.

அந்த 'முன்' படம்தான் மரண அறிவித்தல் என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். பழைய கிற்றாரின் மேற்பூச்சு என்ன வகை, எத்தனை படை, எது முதல் எது பிறகு என்று பார்க்காமல் அதில் அரத்தாள் வைக்கிறவர், வாசிக்காமலே கடிதத்தைக் கிழிக்கிறார். கிழித்த கடிதத்தையாவது ஒட்டலாம். தேய்த்த பூச்சு தூசியாகிப் போய்விடும்.

எங்களுக்கு என்ன மிஞ்சியிருக்கிறது?

அமெரிக்காவில் எவராவது ஒரு 1962ஆம் ஆண்டு ஃபெண்டரைச் சுரண்டினால் அது கவலைதான், ஆனால் பேரழிவு இல்லை. அதே வருடத்து வேறு கிற்றார்கள் இருக்கின்றன. தொழிற்சாலையின் விலைப்பட்டியல் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, மேடைப் படங்கள் இருக்கின்றன, இதைப் பற்றியே எழுதப்பட்ட தடித்த தடித்த புத்தகங்கள் இருக்கின்றன.

எங்களுக்கு? தெற்கில் 1960களின் நடுப்பகுதியில் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு கிளரன்ஸ் விஜேவர்த்தன மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப்பிசை பாடி நாடு முழுக்கக் கேட்க வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்று இசைக்குழுக்கள் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய வாசித்தன. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்து 'இளைய நிலா'வைக் கேட்ட பிறகு, கிற்றார் ஆசை பிடிக்காத பொடியன் ஊரில் குறைவு.

இவ்வளவு வாசிப்பு நடந்திருக்கிறது. எந்தக் கிற்றாரில்? யார் கொண்டுவந்தது? 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்ட காலம். அப்போது வந்த ஒரு கிற்றார் கப்பலில் வேலை செய்தவர் காவிக்கொண்டு வந்ததா, கொழும்பில் இரண்டு மூன்று கை மாறினதா, படத்தைப் பார்த்து ஓடாவியார் ஒருவர் செய்ததா? 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வாங்கின யப்பான் சாமானா? கல்கத்தாவின் கிவ்சனா?

பேப்பரில் பதில் தேடினால் கிடைக்காது. 1981இல் நூலகம் எரிந்தது. 1990இன் நடுப்பகுதியோடு குடாநாட்டில் மின்சாரம் போனது. சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட அந்தக் காலத்தில் மின்கிற்றார் வெறும் பலகைதான். 1991இல் எங்கட தீவு வெறுமையானது. 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே இரவோடு இரவாக நடந்தது. இந்த ஓட்டங்களுக்குள் கிற்றார் வாங்கின பற்றுச்சீட்டை எத்தனை பேர் காவியிருப்பார்கள்? மேடைப் படம் ஒட்டின அல்பத்தை எத்தனை பேர் காப்பாற்றியிருப்பார்கள்?

மிஞ்சியது சாமான்தான். அந்தச் சாமான் எங்கே இருந்தது, யாருடைய கையில் இருந்தது, யார் திருத்தினது என்பதெல்லாம் அதன் மேல் தோலில்தான் எழுதியிருக்கிறது. அதைத்தான் நாங்கள் 120ஆம் நம்பர் அரத்தாளால் தேய்க்கிறோம்.

எங்கட பக்கத்தில் நாங்களே பார்த்த ஒரு கிற்றாரைச் சொல்கிறோம். கறுப்பாக மினுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே வயர் மாற்றவேண்டி பின்மூடியைக் கழற்றினபோது, அந்தக் குழியின் விளிம்பில் மட்டும் அரத்தாள் எட்டாமல் பழைய பூச்சு மிஞ்சியிருந்தது. அடியில் மஞ்சளும் செம்மண்ணிறமும் கலந்த தொழிற்சாலைப் பூச்சு. அதற்கு மேல் பச்சை எனாமல். அதற்கும் மேல் ஒரு மெல்லிய தேன்நிறப் படலம். நகத்தகல இடத்தில் மூன்று காலம். அந்தப் பச்சையின் மேல் வெள்ளை எழுத்தில் கோஷ்டியின் பெயர் எழுதியிருந்ததாக வீட்டுக்காரர் பிறகுதான் சொன்னார். என்ன பெயர் என்று கேட்டோம். அவருக்கு ஞாபகமில்லை. கராஜில் கேட்டால், 'ஏதோ எழுத்து இருந்தது, தேய்ச்சாச்சு' என்றார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. தேய்க்கச் சொல்லித்தானே கொடுத்தது.

கற்கண்டும் அவித்த முட்டையும்

மேற்பூச்சு என்றால் நிறம் மட்டுமில்லை. நிறத்துக்குக் கீழேயும் மேலேயும் இருந்து மரத்தை மூடுகிற படலம் முழுவதும் அதுதான். பழைய கிற்றார்களைப் பொறுத்தவரை நான்கு வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது அரக்கு. பாரதக் கதையில் பாண்டவர்களை எரிக்கக் கட்டின மாளிகையின் அதே அரக்கு. ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். ஸ்பிரிற்றில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினால் அதுதான் பிரெஞ்சு பொலிஷ். எங்கட ஓடாவிமாருக்குக் கைவந்த வேலை. மின்கிற்றார் செய்கிற தொழிற்சாலைகள் இதைப் பாவிப்பது அபூர்வம். ஆகவே ஒரு மின்கிற்றாரில் அரக்கு இருந்தால், பெரும்பாலும் அது பிறகு பட்ட கை. எங்கட பக்கத்துக் கையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது நைற்றோசெலுலோஸ் லக்கர். பஞ்சில் இருக்கிற செலுலோசை அமிலத்தால் மாற்றிச் செய்வது. துவக்கு ரவைக்குள் இருக்கிற புகையில்லா வெடிமருந்து இதற்கு நெருங்கின சொந்தம். 1920களில் அமெரிக்காவின் டூபொன்ட் கம்பனி 'டூக்கோ' என்ற பெயரில் இதைக் காருக்குப் பூச விற்றது. அதுவரை கிழமைக்கணக்கில் காய்ந்த கார்ப் பெயின்ற் மணிக்கணக்கில் காயத் தொடங்கியது. கிப்சன் கம்பனி அந்தப் பத்தாண்டிலேயே இதைக் கிற்றாருக்குப் பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. 1950இல் மின்கிற்றார் விற்கத் தொடங்கின ஃபெண்டரும் கொஞ்சக் காலத்தில் இதே வழிக்கு வந்தது.

மூன்றாவது அக்ரிலிக் லக்கர். இதுவும் கார்த் தொழிலின் பிள்ளை. 1950களின் பிற்பகுதியில் டூபொன்ட் 'லூசைற்' என்று கொண்டுவந்தது. லேக் பிளாசிட் புளூ போன்ற ஃபெண்டரின் மினுக்க நிறங்கள் இந்த வகை. அதற்கு மேல் நைற்றோ லக்கரை அடித்து மூடுவார்கள்.

நான்காவது பொலியெஸ்ரரும் பொலியுரேதேனும். தடித்தது, விறைத்தது. 1968 அளவில் ஃபெண்டர் பொலியெஸ்ரருக்கு மாறியது. 1970களில் யப்பானிலிருந்து வந்த கிற்றார்களிலும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். கராஜில் இன்று அடிக்கிற 2கே பெயின்றும் இதே ஆட்கள்.

இந்த நான்கையும் இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். அரக்கும் இரண்டு லக்கரும் கற்கண்டு மாதிரி. தண்ணீர் போய்க் கட்டியானது, தண்ணீர் பட்டால் திரும்பவும் பாகு. அதாவது எந்தத் திரவத்தில் கரைத்துப் பூசினார்களோ அதைத் தொட்டால் ஐம்பது வருடம் கழித்தும் இளகும். பொலி வகைகள் அவித்த முட்டை மாதிரி. காயும்போதே உள்ளுக்குள் மாறிவிடும். அதே தின்னரை ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மேற்பூச்சைக் கண்டுபிடிக்கிற கலை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

பார்க்கிற முறை

இதற்கு ஆயிரம் டொலர் கருவி எதுவும் தேவையில்லை. கண், ஒரு ஊதா லைற், கொஞ்சம் பஞ்சு, இரண்டு போத்தில். வரிசை முக்கியம். தொடாமல் பார்ப்பது முதலில், தொட்டுப் பார்ப்பது கடைசியில்.

முதலில் கண். நைற்றோ லக்கர் வெயிலுக்கு மஞ்சளடிக்கும். வெள்ளைக் கிற்றார் வெண்ணெய் நிறமாகும், வெளிர்நீலம் பச்சைக்குத் திரும்பும். குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டால் வற்றின குளத்தடி மாதிரி மெல்லிய கோடுகளாக வெடிக்கும். கை உரசுகிற இடத்தில் படிப்படியாகத் தேய்ந்து மரத்தில் கரைந்த மாதிரி முடியும். பொலி தேயாது, உடையும். அடிபட்ட இடத்தில் கண்ணாடித்துண்டு பெயர்ந்த மாதிரிக் கூரான விளிம்போடு குழி விழும். அந்த விளிம்பின் தடிப்பைப் பார்த்தாலே பாதிக் கதை தெரியும்.

ஆனால் கண்ணை மட்டும் நம்பவேண்டாம். தடித்த பொலியெஸ்ரரும் கழுத்தடியில் வெடிக்கும். புதுக் கிற்றாரை வேண்டுமென்றே குளிர வைத்து, பிளேற்றால் கீறி, பழசு மாதிரி விற்கிற தொழிலும் உலகத்தில் நன்றாக நடக்கிறது.

இரண்டாவது ஊதா லைற். கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கிற அதே சின்ன ரோச். அறையை இருட்டாக்கிக் கிற்றார் மேல் பிடியுங்கோ. வயதான நைற்றோ பச்சையும் மஞ்சளும் கலந்து ஒளிரும். அரக்கு செம்மஞ்சளாகத் தெரியும். பொலி வகைகள் பெரும்பாலும் மங்கலாக அல்லது பால்நீலமாக நிற்கும். இதைவிடப் பெறுமதியான விசயம், திருத்தின இடங்கள் வேறு நிறத்தில் தனித் திட்டாகத் தெரியும். பகலில் ஒரே நிறமாக இருந்த உடலில் எந்த மூலை பிறகு பூசினது என்று அந்த ரோச் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, மறைந்த இடங்கள். பிக் உரசாமல் போட்டிருக்கிற பிளாஸ்ரிக் தகட்டைக் கழற்றுங்கோ. பின்மூடியைக் கழற்றுங்கோ. கழுத்து வந்து பொருந்துகிற குழியைப் பாருங்கோ. வெயில் படாத அந்த இடத்தில்தான் உண்மையான நிறம் இருக்கும். 1958 முதல் 1960 வரை வந்த கிப்சன் லெஸ் போல் கிற்றார்களின் சிவப்பு, வெளிச்சம் பட்டுப் பட்டு எலுமிச்சை நிறம்வரை வெளுத்துவிட்டது. மூடியிருந்த இடத்தில் மட்டும் அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறது. திருகாணிகளை எந்த ஓட்டையிலிருந்து எடுத்தீர்களோ அதே ஓட்டைக்குத் திருப்பிப் போடுங்கோ. குழிக்குள் பென்சிலால் திகதியோ பெயரோ எழுதியிருந்தால் படம் எடுங்கோ.

நான்காவதுதான் திரவம். வெளியே தெரியாத இடத்தில், குழியின் விளிம்பில், கடுகளவு இடம் போதும். காதுக் குச்சியின் பஞ்சில் முதலில் ஸ்பிரிற். பஞ்சில் தேன்நிறம் ஏறிப் பூச்சு பிசுபிசுத்தால் அரக்கு. ஒன்றும் நடக்காவிட்டால் துடைத்துவிட்டு, இன்னொரு குச்சியில் என்சி தின்னர் அல்லது அசிற்றோன். கியூட்டெக்ஸ் அழிக்கிற போத்திலில் அசிற்றோன் இருந்தால் அதுவும் சரி, ஆனால் அசிற்றோன் இல்லாத வகையும் விற்கிறார்கள், லேபிளைப் பாருங்கோ. சில வினாடியில் இளகினால் லக்கர். அசையாமல் இருந்தால் பொலி. அசிற்றோன் பிளாஸ்ரிக் தகட்டையும் விளிம்புப் பட்டியையும் உருக்கும், அங்கே ஒரு துளியும் விழக்கூடாது. பக்கத்தில் நெருப்பும் வேண்டாம்.

ஓரிடத்தில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். 1968க்குப் பிறகு வந்த ஃபெண்டர் பலதில் உடல் பொலியெஸ்ரர், தலைப்பகுதியின் முகம் மட்டும் லக்கர். 1963 அளவிலிருந்து அதே கம்பனி லக்கருக்கு அடியில் ஃபுல்லர்பிளாஸ்ற் என்ற கரையாத அடிப்பூச்சைப் போட்டது. மேல்படை இளகும், அடிப்படை நிற்கும். இதைத் தெரியாதவர், 'இது பொலி, கள்ளச் சாமான்' என்று முடிவு கட்டிவிடுவார்.

இவ்வளவும் செய்ய ஒரு பின்னேரம் போதும். அந்த ஒரு பின்னேரத்தை மிச்சம்பிடிக்கத்தான் ஐம்பது வருடத்தைத் தேய்க்கிறோம்.

'நைற்றோ' பக்தர்களுக்கு

கராஜ்காரரோடு மட்டும் எங்களுக்குச் சண்டை இல்லை. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மேற்பூச்சைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள், ஆனால் விலைக்காக மட்டும் கண்டுபிடிக்கிறவர்கள். நைற்றோ என்றால் சாமி, பொலி என்றால் குப்பை. 'நைற்றோ பூசினால் மரம் மூச்சு விடும், சத்தம் திறக்கும்' என்று இங்கேயும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

மின்கிற்றாரின் சத்தம் எங்கிருந்து வருகிறது? உலோகக் கம்பி காந்தத்துக்கு மேல் அதிர, பிக்கப்பின் சுருளில் மின்சாரம் பிறந்து வருகிறது. பெட்டிக் கிற்றாரில், மெல்லிய பலகையே அதிர்ந்து சத்தம் தரும் இடத்தில், பூச்சின் தடிப்பைப் பற்றிப் பேசலாம். ஒன்றரை அங்குலத்துக்கும் தடித்த முழுப் பலகையில் பூச்சின் பங்கு என்ன பெரிய பங்கு? இவர்கள் கும்பிடுகிற 1960களின் ஃபெண்டரிலேயே லக்கருக்கு அடியில் கரையாத அடிப்பூச்சு மரத்தை மூடித்தான் கிடக்கிறது. மூச்சு எந்த வழியால் விட்டதாம்?

இன்னொன்று. தளபாடத்துக்கு அடிக்க எங்கட ஹாட்வெயார் கடைகளில் சாண்டிங் சீலருக்குப் பக்கத்தில் விற்கிற என்சி லக்கரில், அந்த என்சி என்பது நைற்றோசெலுலோஸ்தான். கடல் தாண்டிப் போய்க் கும்பிடுகிற தீர்த்தம் இங்கே அலமாரிக்கும் கதவுக்கும் அடிக்கிற சாமான்.

இந்தப் பக்தியால் வருகிற உண்மையான கெடுதி வேறு. வெளிநாட்டுச் சந்தையில் ஒரு பழைய கிற்றார் மறுபூச்சு என்று தெரிந்தால் விலை ஏறக்குறைய பாதியாகும் என்பது புழக்கத்தில் இருக்கிற கணக்கு. அந்தக் கணக்கை இங்கே இறக்கினால் என்ன நடக்கும்? எங்கட ஓடாவியார் பூசின அரக்கு, எங்கட பெயர்ப்பலகைக்காரர் எழுதின கோஷ்டிப் பெயர், எல்லாம் 'அழுக்கு' ஆகிவிடும். 'தொழிற்சாலைப் பூச்சு அடியில் இருக்கு, மேல இருக்கிறதை எடுத்துவிடு' என்பார்கள். கராஜ்காரர் அறியாமல் அழிக்கிறதை இவர்கள் அறிந்து அழிப்பார்கள்.

எங்களுக்கு அந்த விலைப்பட்டியல் வேண்டாம். இறக்குமதி அடைபட்ட காலத்தில், கீறுபட்ட ஒரு வெளிநாட்டுக் கிற்றாருக்கு ஓடாவியார் ஒருவர் வீட்டுக் கதவுக்குப் பூசுகிற அதே பொலிஷைப் பூசி மேடைக்கு அனுப்பியிருந்தால், அதுதான் எங்கட கிற்றார். தொழிற்சாலையில் இருந்து வந்த நாளைவிட எங்களுக்கு அது முக்கியமான நாள்.

வருகிற மறுப்புகள்

'என்ர கிற்றார், என்ர விருப்பம். லெனன் கூடச் சுரண்டினவர்தானே?' ஓம், 1968இல் ஜோன் லெனன் தன்னுடைய எபிஃபோன் கசினோவின் பூச்சைச் சுரண்டி மரத்தைக் காட்டினார். அது அவர் வாங்கி இரண்டு வருடமளவே ஆன, அவரே வாசித்துக்கொண்டிருந்த கிற்றார். வாசிக்கிறவன் தன் கருவியில் கைவைப்பது அந்தக் கருவியின் கதையில் ஒரு அத்தியாயம். உங்கட சித்தப்பா சுரண்டியிருந்தால் நாங்கள் அதையும் காப்பாற்றச் சொல்லியிருப்போம். நீங்கள் செய்வது அதுவல்ல. அவர் எழுதினதை அழித்துவிட்டு வெறும் கடதாசியைச் சட்டம் போட்டு மாட்டுகிறீர்கள்.

இதற்கு மாறான ஒரு உதாரணமும் இருக்கிறது. அயர்லாந்தின் றோரி கலகர் 1963இல் கோர்க் நகரில் 100 பவுணுக்கு வாங்கின 1961 ஸ்ரற்றோகாஸ்ரரை வியர்வை வழிய வழிய வாசித்தார். அதன் முகத்தில் பூச்சு பெரும்பாலும் போய்விட்டது, மரம்தான் தெரியும். 2024 ஒக்ரோபரில் லண்டனில் அது ஏலத்துக்கு வந்தபோது 889,400 பவுணுக்கு வாங்கி, அயர்லாந்தின் தேசிய நூதனசாலைக்குக் கொடுத்தார்கள். 'பாவம், தேய்ஞ்சு போச்சு, ஒரு கோட் அடிச்சு வைப்பம்' என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்கட பாட்டுக்காரனின் வியர்வை அந்த மரத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

'இது தீவு. உப்புக்காற்று. பூச்சு இல்லாவிட்டால் உக்கிவிடும்.' இது நியாயமான கவலை, வாணர் தாம்போதியால் ஒருமுறை சைக்கிளில் வந்தவருக்கு விளங்கும். ஆனால் உப்பு முதலில் தின்பது கம்பியையும் திருகாணியையும் பிக்கப்பையும்தான். அதற்கு மருந்து காய்ந்த துணியும், காற்றுப் போகிற உறையும், ஒழுங்காகத் துடைக்கிற பழக்கமும். பொலித்தீனால் சுற்றி வைக்கவேண்டாம். லக்கர் பூச்சில் ரப்பரும் ரெக்சீனும் கனகாலம் ஒட்டிக் கிடந்தால் பூச்சு இளகி அடையாளம் விழும். பழைய பருத்தி வேட்டி எவ்வளவோ மேல்.

காப்பாற்றத்தான் பூசுகிறோம் என்றாலும், அடியில் இருப்பது என்னவென்று தெரியாமல் பூசுவது வேலைக்கே கேடு. பழைய லக்கருக்கு மேல் 2கே அடித்தால் அதன் தின்னர் அடிப்படையை இளக்கிச் சுருக்கலாம். எனாமலுக்கு மேல் லக்கர் அடித்தால் தோல் உரிந்த மாதிரிக் கிளம்பும், எந்தப் பெயின்ற் பாஸைக் கேட்டாலும் சொல்வார். மழைக்காலத்து ஈரத்தில் லக்கர் அடித்தால் பால் வெள்ளையாகப் பூக்கும். லக்கர் என்று தெரிந்தால் அதே லக்கரைத் துளி விட்டுத் திருத்தலாம், பழையதும் புதியதும் ஒன்றாகக் கரைந்துவிடும். பொலி என்றால் சுப்பர் குளூ விட்டு நிரப்ப வேண்டும். நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடுக்கிற பரியாரியிடம் யாராவது போவார்களா?

தேய்க்கிற கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம், தேய்த்தால் அது மூச்சோடு உள்ளே போகும். 2கே பெயின்றின் ஹாட்னரில் இருக்கிற ஐசோசயனேற் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வாயில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் எங்கட வயதுப் பொடியள்தான். தேவையில்லாத ஒரு வேலைக்கு அவர்களின் நெஞ்சு விலையாகிறது.

'வேலை இல்லை, தண்ணீர் இல்லை, நீங்கள் கிற்றார்ப் பூச்சைப் பற்றி எழுதுகிறீர்கள்.' தண்ணீரைப் பற்றியும் எழுதுவோம். ஆனால் ஒரு ஊரைப் பற்றிச் சொல்ல வெறும் இழப்புக் கணக்கு மட்டும் போதாது. இங்கே மனிதர்கள் இரவிரவாகப் பாடினார்கள், ஆடினார்கள், கள்ளுக் குடித்துச் சண்டை பிடித்தார்கள், கிற்றார் வாங்கக் காசு சேர்த்தார்கள். அந்த வாழ்க்கைக்குச் சாட்சி சொல்ல மிஞ்சியவை மிகக் கொஞ்சச் சாமான்கள். போர் தின்னாமல் விட்டதை நாங்கள் ஆசையோடு தின்னவேண்டியதில்லை.

இனி

கேட்பது அதிகமில்லை.

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு: கிற்றாரைக் கராஜுக்குக் கொண்டுபோக முதல் படம் எடுங்கோ. முன், பின், விளிம்பு, தலை, குழி. யார் வாசித்தது, எந்தக் கோஷ்டி, எப்படி வந்தது என்று வீட்டில் இருக்கிற வயதானவரிடம் கேட்டு எழுதுங்கோ. அவர் இருக்கிற காலத்தில் கேளுங்கோ. வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவர ஆசை என்றால் கம்பியை மாற்றுங்கோ, வயரை மாற்றுங்கோ, கழற்றின பழையதை ஒரு பையில் போட்டுக் கிற்றாரோடேயே வையுங்கோ. தோலில் கை வைக்கவேண்டாம்.

கராஜ்காரருக்கும் ஓடாவிமாருக்கும்: உங்கட கையில்தான் கடைசி முடிவு இருக்கிறது. 'அண்ணை, இதில பழைய பூச்சு இருக்கு, பார்த்துத்தான் செய்யவேணும்' என்று ஒரு வசனம் சொன்னால் போதும். லக்கரா பொலியா என்று எங்களில் எவரையும்விட உங்களுக்குத்தான் கெதியாகத் தெரியும். தின்னர் மணத்திலேயே வாழ்கிறவர்கள் நீங்கள். அந்த அறிவை விற்கத் தொடங்குங்கோ. பூசுவதற்கு மட்டுமல்ல, பூசாமல் விடுவதற்கும் கூலி வாங்கலாம்.

வாசிக்கிறவர்களுக்கு: நைற்றோவா பொலியா என்று கேட்டால், 'எதுவானாலும் என்ன கதை சொல்லுது?' என்று திருப்பிக் கேளுங்கோ. 1975ஆம் ஆண்டு யப்பான் பொலி கிற்றார் ஒன்று எங்கட கோயில் வீதியில் வாசிக்கப்பட்டிருந்தால், வெளிநாட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற நைற்றோவைவிட எங்களுக்கு அது பெரிது.

எங்களுக்கு: இறுப்பிட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எத்தனை பழைய கிற்றார் இருக்கிறது என்று யாரும் எண்ணினதில்லை. ஊதா லைற்றும் காதுக் குச்சியும் நோட்டுக் கொப்பியும் எடுத்துக்கொண்டு நாங்கள் வீடு வீடாக வரத் தயார். கிற்றார் எங்களுக்கு வேண்டாம், பார்த்து எழுதிவிட்டுத் திருப்பித் தருவோம். உங்கட வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் சொல்லி அனுப்புங்கோ. நாங்கள் வரும்வரைக்கும் தூசியைக்கூடத் தட்டவேண்டாம்.